மானியத்தில் படிக்கிறவர் யார், கட்டுகிறவர் யார்?

உயர்கல்வி மானியம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இப்போது.

கே: ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போகிறவனுக்கு என் வரிப்பணம் எதற்கு?

போகிறவனை விடுங்கள், உள்ளே வருகிறவனைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே குறைந்த கட்டணம் என்று வைத்தால், கோச்சிங்குக்கே லட்சக்கணக்கில் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே சலுகைதான். 2016ல் பி.டெக் கட்டணத்தை வருடத்துக்கு 90,000லிருந்து 2 லட்சமாக ஏற்றியபோதே, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்கும் கீழே உள்ள குடும்பங்களுக்கும் முழு விலக்கு தந்தார்கள். 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. என்னைக் கேட்டால் அது சரியான திசைதான்.

கே: புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். அதை வைத்து என்ன செய்ய?

அரசுக் கல்லூரியில் ஃபீஸ் பெரிய செலவே இல்லைங்க. பனியன் கம்பெனிக்குப் போயிருந்தால் வந்திருக்கும் மூன்று வருடச் சம்பளம் இருக்கிறதே, அதுதான் பெரிய செலவு, எந்த ரசீதிலும் வராது. ஆயிரம் ரூபாய் அதற்கு ஈடாகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ், ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை, பணம் அவள் பெயரில் உள்ள கணக்குக்கே வருகிறது. 2022ல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2024ல் தமிழ்ப் புதல்வன் என்று பையன்களுக்கும் வந்தது.

கே: அண்ணன் முதல் பட்டதாரி சலுகை வாங்கிவிட்டான். எனக்கும் கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்கு அரசு தரும் கட்டணச் சலுகை அது, வீட்டுக்கு ஒருவர்தான்.

கே: வட்டி மானியம் என்றால் கடனே தள்ளுபடியா?

இல்லவே இல்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள தொழிற்படிப்புகளுக்குப் படிக்கும் காலத்திலும் அதன்பிறகு ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசு கட்டும். அப்புறம் அசலும் வட்டியும் உங்கள் தலையில், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். ஆஸ்திரேலியாவில் 1989லிருந்து வேறு மாதிரி: சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும், அதை வரியோடு சேர்த்து வசூலிக்கிறார்கள். எனக்குப் பிடித்த முறை அது. ஆனால் இங்கே பெரும்பாலானோரின் வருமானம் வருமான வரித்துறையின் கண்ணிலேயே படுவதில்லை, எங்கே போய்ப் பிடிப்பது?

கே: அரசு கட்டுகிறது என்றால் காலேஜ்காரர்கள் ஃபீஸை ஏற்றமாட்டார்களா?

டியூஷன் ஃபீஸுக்குக் கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது, அதனால் அங்கே கை வைப்பது கஷ்டம். பஸ், ஹாஸ்டல், ‘பிளேஸ்மென்ட் டிரெயினிங்’ இதில்தான் ஏறும். சேரும் முன்பே மொத்தச் செலவையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.