இரண்டாவது ஸ்பின்னிங் செட்: எதை வாங்குவது? கேள்வி பதில்

ஏரி, குளம், ஆறு, அணை ஆகிய நன்னீரில் தூண்டில் போடுபவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். ஸ்பின்னிங் செட் என்பது ராடும் (தூண்டில் கோல்), நரம்பு சுருட்டும் ரீலும் சேர்ந்தது. லைட், மீடியம், ஹெவி என்பவை ராடின் பலம்; 1000, 4000 என்பவை ரீலின் அளவு எண்; 0.35 என்பது நரம்பின் தடிமன், மி.மீ.இல்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட 7 அடி மீடியம் ராடு, 4000 ரீல், 0.35 நரம்பு இருக்கு. அடுத்த செட்டும் இதே சைஸ்ல, நல்ல கம்பெனியா பார்த்து வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. இதே அளவில் விலை கூடியது வாங்கினால், இப்போது பிடிக்கும் மீனையே கொஞ்சம் சுகமாகப் பிடிப்பீர்கள், அவ்வளவுதான். இந்த செட் எந்த இடத்தில் கைவிடுகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டாவது செட் அந்த இடத்துக்கானது.

மீடியம் ராடு பெரும்பாலும் 7 முதல் 18 கிராம் வரையான லூருக்காக (செயற்கை இரை) செய்தது. அதில் 3 கிராம் ஸ்பின்னர் லூரைக் கட்டி வீசினால் ராடு வளையாது. வளைந்து நிமிர்வதுதான் லூரைத் தூக்கி எறிகிறது. அது நடக்காததால் லூர் காலடியிலேயே விழும். 0.35 நரம்பும் தடிமனானது, சுருள் சுருளாக வெளியேறி ராடின் ஒவ்வொரு கைடு வளையத்திலும் உரசும். ஜிலேபி, கெண்டை, சின்னக் கெளுத்தி எல்லாம் இப்படித்தான் கை நழுவுகின்றன. மறுபக்கம், ஆகாயத்தாமரைக்குள் புகுந்த விராலைப் பிடுங்கி எடுக்கவும் இந்த ராடுக்குப் பலம் போதாது.

ஆகவே வழி இரண்டு: மெல்லிய செட்டுக்குக் கீழே இறங்குவது அல்லது பலமான செட்டுக்கு மேலே ஏறுவது. கீழே இறங்குவதென்றால் மீடியம் லைட்டில் நிற்காதீர்கள், பாதி வேலை பழைய ராடோடு மோதும். லைட்டுக்கே போங்கள்: 6 அல்லது 6½ அடி, 2 முதல் 7 கிராம் லூர், 1000 அல்லது 2000 ரீல், பி.இ. (தடிமன் எண்) 0.6 முதல் 0.8 வரை பிரெய்டு என்னும் பின்னல் நரம்பு, முன்னால் 6 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (லூரைக் கட்டும் நுனி நரம்பு) முக்கால் மீட்டர். உங்கள் ஊர்க் குளத்தில் விரால் அதிகம், செடியும் அதிகம் என்றால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: செடிக்குள்ள ஃப்ராக் போட்டு விரால் பிடிக்க ஸ்பின்னிங் செட் தாங்குமா? பெய்ட்காஸ்டர்தான் வேணும்னு சொல்றாங்க சார்.

பதில்: தாங்கும், அளவு சரியாக இருந்தால். ஃப்ராக் என்பது தவளை வடிவ லூர், பெய்ட்காஸ்டர் என்பது ராடின் மேல்பக்கம் மாட்டும் வேறு வகை ரீல். 7 அடி மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனிப்பக்கம் அதிகம் வளைவது), 10 முதல் 28 கிராம் வரை வீசக்கூடியது. ரீல் 3000 அல்லது 4000. பிரெய்டு 30 முதல் 40 பவுண்டு. செடி அடர்ந்த இடத்தில் லீடர் போடவே வேண்டாம். முடிச்சில் பாசி கொத்தாகச் சிக்கும். பிரெய்டையே பலோமார் முடிச்சில் ஃப்ராக்கோடு கட்டுங்கள். டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விடும் பிடிப்பு) நன்றாக இறுக்கி வையுங்கள். முள் ஏறியதும் மீனின் தலையைத் திருப்ப இரண்டு நொடிதான் கிடைக்கும். அதற்குள் தண்டைச் சுற்றிவிட்டால் மீனும் போச்சு, ஃப்ராக்கும் போச்சு.

விரால் அடித்த சத்தம் கேட்டவுடன் சுண்டாதீர்கள். நரம்பு இறுகி, மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு சுண்டுங்கள். ஃப்ராக்கின் முள் உடம்போடு ஒட்டி மறைந்திருக்கும். வாய் மூடி அது அமுங்கினால்தான் முள் வெளியே வரும்.

இன்னொன்று. செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் நீர் மேல் கொப்பளிப்பதைக் கண்டால் அங்கே வீசாதீர்கள். அடியில் தாய் தந்தை விரால் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் அடிக்கும். அதைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

கேள்வி: ஒரு கம்பெனி 2500, இன்னொரு கம்பெனி 2500 பக்கத்துல வச்சா சைஸே வேறயா இருக்கு. ஏன்?

பதில்: எண்ணுக்குப் பொதுவான அளவு கிடையாது. டைவாவின் பழைய 2500, ஷிமானோ 2500ஐவிடப் பெரிய உடம்பு. 2018இல் எல்.டி. என்ற ரீல் வரிசை வந்த பிறகு டைவா எண்கள் மற்றவர்களோடு ஓரளவு ஒத்துப்போகின்றன. பழைய இருப்பை வாங்கும்போது இதைக் கவனியுங்கள். ஷிமானோவில் எண்ணுக்கு முன் ‘சி’ இருந்தால் சிறிய உடம்பில் பெரிய ஸ்பூல் (நரம்பு சுற்றும் உருளை). சி3000 என்பது 2500 உடம்புதான். பின்னால் ‘எஸ்’ இருந்தால் ஆழம் குறைந்த ஸ்பூல். மெல்லிய பிரெய்டுக்கு அதுவே நல்லது, அடியில் நரம்பை நிரப்பி வீணாக்க வேண்டியதில்லை. எண்ணைவிட கிராம் எடையும், எந்தத் தடிமனில் எத்தனை மீட்டர் பிடிக்கும் என்பதும்தான் உண்மையைச் சொல்லும்.

கேள்வி: கியர் 5.0, 6.2ன்னு போட்டிருக்கே, எது எடுக்கலாம்?

பதில்: கைப்பிடி ஒரு சுற்றுக்கு, ஸ்பூலைச் சுற்றி வரும் ரோட்டர் எத்தனை முறை சுற்றும் என்பதே அந்த எண். ஸ்பூல் விட்டம் 47 மி.மீ. என்று வையுங்கள். 5.0 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு சுமார் 74 செ.மீ. நரம்பு வரும், 6.2 என்றால் 91 செ.மீ. ஸ்பின்னருக்கும் கிராங்க் லூருக்கும் மெதுவான 5 நல்லது. ஃப்ராக்குக்கு வேகமானது: மீன் உங்களை நோக்கி ஓடிவந்தால் தொய்வை உடனே சுருட்டலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5.2 பக்கம் எடுங்கள்.

கேள்வி: மொத்தம் 5000 ரூபாய்தான் ஐயா. ராடுக்கு எவ்வளவு, ரீலுக்கு எவ்வளவு? 12 பேரிங் ரீல் ஒண்ணு மலிவா கிடைக்குது.

பதில்: லைட் செட் என்றால் ராடுக்குக் கொஞ்சம் கூடப் போடுங்கள், மெல்லிய கடி கைக்குத் தெரிவது ராடால்தான். விரால் செட் என்றால் ரீலுக்குக் கூடப் போடுங்கள், இறுக்கிய டிராக்கில் முறுக்கும்போது மலிவு ரீலின் உடம்பே வளைந்து கியர் நறநறக்கும். எப்படியானாலும் பிரெய்டுக்கு 800 ரூபாயாவது தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மலிவான 12 பேரிங்கைவிட ஒழுங்கான 4 பேரிங் மேல். ‘மேக்ஸ் டிராக் 10 கிலோ’ என்ற எழுத்தையும் நம்பி வாங்க வேண்டாம். டிராக் எவ்வளவு இறுகும் என்பதைவிட, திக்காமல் ஒரே சீராக விடுகிறதா என்பதே முக்கியம்.

கேள்வி: பிரெய்டு போட்டதுல இருந்து வீசும்போது கொத்தா முடிச்சு விழுது. நரம்புக்கே திரும்பிடலாமா?

பதில்: திரும்ப வேண்டாம். காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஸ்பூல் விளிம்பு வரை நிரப்பியிருப்பீர்கள், 2 மி.மீ. குறைத்து நிறுத்துங்கள். அல்லது தளர்வாகச் சுற்றியிருப்பீர்கள். ஈரத்துணியில் பிடித்து இறுக்கமாக மறுபடி சுற்றுங்கள். அல்லது கைப்பிடியைச் சுழற்றி பெயிலை (நரம்பைப் பிடித்துச் சுற்றும் கம்பி வளையம்) மூடுகிறீர்கள். அப்போது ஒரு தொய்வான வளையம் ஸ்பூலில் தங்கி, அடுத்த வீச்சில் பத்து வளையத்தை இழுத்துக்கொண்டு போகும். லூர் தண்ணீரில் விழுமுன் விரலால் நரம்பைத் தடுத்து, பெயிலைக் கையால் மூடி, ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுழற்றுங்கள். பெரும்பாலான முடிச்சுகள் இதிலேயே நிற்கும்.

கேள்வி: டிராக்கை முழுசா இறுக்கியும் ஸ்பூல் வழுக்குது. ரீல் போச்சா?

பதில்: ரீல் நன்றாகத்தான் இருக்கும், வெறும் ஸ்பூலில் பிரெய்டு மொத்தமாக வழுக்குகிறது. அடியில் 5 மீட்டர் சாதாரண நரம்பு சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள்.

கேள்வி: கடையில ராடை எப்படிப் பார்த்து வாங்குறது?

பதில்: உங்கள் ரீலைக் கையோடு கொண்டுபோங்கள். மாட்டிப் பார்த்தால் ரீல் காலுக்குச் சற்று முன்னால் விரல்மேல் சமமாக நிற்க வேண்டும். நுனி கனத்தால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். ஒவ்வொரு கைடு வளையத்துக்குள்ளும் காது குடையும் பஞ்சை விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு நூல் சிக்கினால் அங்கே விரிசல், அது பிரெய்டை அறுத்துவிடும். கைடுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அடியிலிருந்து பாருங்கள். பேருந்தில் கொண்டுபோக வேண்டும் என்று டெலஸ்கோப் ராடு வாங்காதீர்கள். நாள் முழுக்க லூர் வீசினால் அதன் கைடுகள் திரும்பிக்கொண்டே இருக்கும். இரண்டு துண்டு 7 அடி ராடு மடக்கினால் மூன்றரை அடிதான்.

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரையில் தாழ்ந்த மின்கம்பி இருந்தால் அந்த இடத்தில் வீசவே கூடாது, இடி மின்னல் நேரத்தில் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள்.

கேள்வி: காவிரியில மாசீருக்கு ஹெவி செட் வாங்கலாமா?

பதில்: அதற்காகச் செலவு செய்யாதீர்கள். காவிரியின் திமில் மாசீர் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் பட்டியலிடப்பட்ட மீன். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் தூண்டிலோடு நுழையக் கூடாது. மற்ற அணைகளில் குத்தகைதாரரிடமோ மீன்வளத்துறையிடமோ கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: எனக்கு இடது கைப் பழக்கம். கைப்பிடியை மாத்தலாமா?

பதில்: ஏறக்குறைய எல்லா ஸ்பின்னிங் ரீலிலும் மாற்றலாம். எதிர்ப்பக்க மூடியைக் கழற்றினால் கைப்பிடி உருவிக்கொண்டு வரும் வகை ஒன்று. கைப்பிடியே திருகாக ஏறும் வகை இன்னொன்று. இதில் இரு பக்கமும் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும். கழற்ற, நரம்பு சுருட்டும் திசைக்கு எதிராகச் சுழற்றுங்கள். வரவில்லை என்றால் ரோட்டரை அசையாமல் பிடித்துக்கொண்டு சுழற்றிப் பாருங்கள். இடுக்கி போடாதீர்கள், மரை தேய்ந்துவிடும்.