வாசகர் கேள்வி–பதில்: இணையத்தில் உங்கள் சித்திரக்கதை

கே: கதையைப் பக்கம் பக்கமாக வரைவதா, மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் நீளப் பட்டையாகவா?

ப: கைப்பேசியில் படிப்பவர்களுக்கென்றால் பட்டைதான். வெப்டூன் என்ற இணையச் சித்திரக்கதைத் தளத்தில் யாரும் தங்கள் கதையை ஏற்றக்கூடிய கேன்வாஸ் பகுதி, 800 பிக்சல் அகலமும் 1280 பிக்சல் உயரமும் கொண்ட துண்டுகளாகப் படங்களை ஏற்கிறது. 1600 பிக்சல் அகலத்தில் வரைந்து, கடைசியில் பாதியாகச் சுருக்கினால் கோடுகள் சுத்தமாக இருக்கும். கட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

பின்னாளில் அச்சுப் புத்தகமாக்கும் ஆசை இருந்தால் பக்கமாகவே வரையுங்கள்: 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), நாற்புறமும் அச்சகத்தில் வெட்டிப்போக 3 மி.மீ. கூடுதல் ஓரம். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பட்டையாக்கிவிடலாம். பட்டையைப் பக்கமாக்குவது கிட்டத்தட்ட மறுபடி வரைவதுதான். தவிர, 800 பிக்சல் படம் அச்சில் 7 செ.மீ. அகலம்கூடத் தாங்காது.

கே: 'கெ' என்று தட்டினால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துருவில் கோளாறா?

ப: இல்லை. யூனிகோடில் 'க' முதலில், கொம்பு அடுத்து என்றுதான் பதிவாகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டியது செயலி. ஓவியச் செயலிகள் பலவற்றுக்கு அது தெரியாது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இங்க்ஸ்கேப், கிம்ப் ஆகிய இரண்டு செயலிகளும் தமிழைச் சரியாகக் காட்டும், இலவசமும்கூட. வசனங்களை இங்க்ஸ்கேப்பில் அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக எடுத்து, ஓவியத்தின் மேல் தனி லேயராக (அடுக்காக) வையுங்கள். திருத்தம் வராமல் போகாது, இங்க்ஸ்கேப்பில் சேமித்த எஸ்விஜி மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டினால் கொம்பு இடத்தில் நிற்கும். ஆனால் அந்த வசனத்தை வேறெங்காவது ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும்.

எழுத்துருக்களில், கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனர், தடித்த கூச்சலுக்குப் பலூ தம்பி. இரண்டும் திறந்த உரிமம் கொண்டவை, விற்கும் கதைக்கும் பயன்படுத்தலாம். 800 பிக்சல் அகலத்தில் எழுத்தளவு 30 பிக்சலுக்குக் கீழே போனால் கைப்பேசியில் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். வரி இடைவெளி 1.3 மடங்காவது வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரி 'ழு'வின் வால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் இடிக்கும்.

கே: வசனம் குமிழிக்குள் அடங்கவே மாட்டேன் என்கிறதே?

ப: படத்தை முடித்துவிட்டு வசனத்துக்கு இடம் தேடினால் அப்படித்தான். பென்சில் கோட்டு நிலையிலேயே வசனத்தை உண்மையான அளவில் வைத்துவிட்டு, மிஞ்சும் இடத்தில் ஆட்களை நிறுத்துங்கள். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல் குமிழியின் அகலத்தையே விழுங்கிவிடும். 'வந்துட்டிருக்காங்க' என்றால் பாத்திரத்தின் வாய்க்கும் பொருந்தும். அப்படியும் நீண்டால் இரண்டு குமிழிகளாக்குங்கள். எழுத்தைச் சுருக்குவது தீர்வே அல்ல.

கே: எத்தனை அத்தியாயங்கள் கையில் இருந்தால் வெளியிடத் தொடங்கலாம்?

ப: வாரம் ஒன்று என்றால் குறைந்தது ஆறு. முதல் நாளே மூன்றைப் போடுங்கள். ஒன்றை மட்டும் படித்தவர் கதைக்குள் வந்திருக்க மாட்டார்.

கே: ஒரு தளம் ஒப்பந்தம் நீட்டினால்?

ப: மூன்று இடங்களைப் பாருங்கள்: வேறெங்கும் வெளியிடக் கூடாதா, எத்தனை ஆண்டுகளுக்கு, திரைப்பட–மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு. கால வரம்பே எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.