காப்பை அடைவு வைக்க முதல்

அன்புள்ள அம்மா,

போன கிழமை முள்ளியவளையிலிருந்து பஸ் ஏறி வந்து, மகளைச் சேர்க்க நினைக்கிற மெடிக்கல் கோடிங் கோர்ஸின் விளம்பரத் தாளை என் மேசையில் விரித்து வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "காப்பை அடைவு வைச்சுக் காசைக் கட்டட்டோ, வேண்டாமோ?" அன்று வரிசை நீளமாக இருந்தது. ஆறுதலாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மெடிக்கல் கோடிங், அதாவது நோயாளியின் பதிவை வாசித்து நோய்களுக்கு இலக்கம் போடுவது, உண்மையான தொழில். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதற்கு ஏன் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது இங்கே இருந்து பார்த்தால் விளங்காது. எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒருவரை வார்ட்டில் மறித்தால் காசு கேட்பதில்லை. அவர் வீடு போன பிறகு அவருடைய பீஎச்ரி, அதாவது வார்ட்டில் எழுதிய நோயாளி பதிவு, பதிவுப் பிரிவுக்குப் போகும். அங்கேயும் நோய்க்கு ஐசிடி என்ற சர்வதேச நோய்ப் பட்டியலின் இலக்கம் போடுகிறார்கள், நாட்டில் எந்த நோய் எவ்வளவு என்று கணக்கெடுப்பதற்காக. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குக் காப்புறுதிப் பணம் எவ்வளவு வரும் என்பதே பெரும்பாலும் அந்த இலக்கத்தில் தங்கியிருக்கிறது. இலக்கம் பிழையானால் காசும் பிழையாகும். அதனால்தான் அதற்கென்றே ஆள் வைக்கிறார்கள்.

நீங்கள் காத்திருந்த நேரம் மகளிடம் ஒரு பக்கம் கொடுத்து, வெளி வாங்கில் இருந்து வாசிக்கச் சொன்னேன். பயிற்சிக்காக எழுதிய பக்கம் அது. 62 வயது ஆண். நிமிடத்துக்கு 32 தடவை மூச்சு. ஒட்சிசன் கொடுக்க முதல் விரலில் மாட்டிப் பார்த்தது 84 வீதம். குருதியில் ஒட்சிசன் அழுத்தம் 54. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தித்தான் பேசுகிறார். முகமூடி போட்டு, அழுத்தத்தோடு காற்றுக் கொடுத்து மூச்சுக்கு உதவுகிற பைபாப் மெசினில் விட்டிருக்கிறார்கள். வைத்தியர் எழுதியிருப்பதோ "கடும் மூச்சுத்திணறல், ஒட்சிசன் குறைவு" என்று மட்டும். அடியில் நான் ஒரு குறிப்புப் போட்டிருந்தேன்: அழுத்தம் 60க்குக் கீழே போவது சடுதியான சுவாசச் செயலிழப்பின் அடையாளங்களில் ஒன்று.

பிள்ளை வந்து, "இது செயலிழப்புத்தானே சேர், இலக்கம் ஜே96.01" என்றாள். நோயைச் சரியாகப் பிடித்துவிட்டாள். ஆனால் வேலையில் இருந்து அப்படிப் போட்டிருந்தால் பிழை. வைத்தியர் எழுதிய நோய்க்குத்தான் கோடர் இலக்கம் போடலாம். இரத்தப் பரிசோதனை எண்ணைப் பார்த்துத் தானாக ஒரு நோயை எழுத முடியாது. அந்தப் பக்கத்தில் இருக்கிற சொற்களுக்குக் கிடைப்பது ஆர்06.03, ஆர்09.02 என்ற இலக்கங்கள். இரண்டும் வெறும் அறிகுறிகள். செயலிழப்பு என்று வைத்தியர் எழுதியிருந்தால் அது பெரிய சிக்கல் என்ற கணக்கில் சேரும், ஆஸ்பத்திரிக்கு வரும் தொகையும் பல வேளைகளில் நன்றாக ஏறும். அதனால்தான் இந்த ஒரு நோயில் எல்லோருடைய கண்ணும் இருக்கிறது.

அப்போ கோடர் என்ன செய்வது? வைத்தியருக்கு எழுத்தில் ஒரு கேள்வி அனுப்ப வேண்டும். "செயலிழப்பு என்று எழுதிவிடுங்கள்" என்று கேட்கக்கூடாது. 84, 54, 32, பைபாப் என்று பதிவில் உள்ளதை வரிசையாக வைத்து, இந்த நிலைக்கு உங்கள் தீர்மானம் என்ன என்று கேட்க வேண்டும். தெரிவுகள் கொடுக்கலாம், ஆனால் "வேறு", "தீர்மானிக்க முடியவில்லை" என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். மறுபக்கமும் நடக்கும். செயலிழப்பு என்று எழுதியிருப்பார்கள். நோயாளியோ மூக்குக் குழாயில் இரண்டு லீற்றர் ஒட்சிசனோடு 94 வீதத்தில் நன்றாகக் கதைத்துக்கொண்டிருப்பார். காப்புறுதிக்காரர் அந்தப் பணத்தை மறுத்துவிடுவார்கள். நாட்பட்ட சுவாசப்பை நோயால் வீட்டிலேயே ஒட்சிசன் பாவிக்கிறவருக்கு 60 என்ற கணக்குச் சரிவராது. அவருடைய வழமையான அளவிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டும்.

"வைத்தியர் எழுதாததை நீ ஏன் போடக்கூடாது?" என்று மகளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் டொக்டர் இல்லைத்தானே சேர்" என்றாள். அம்மா, இந்தப் பதிலை ஒரு கோர்ஸிலும் காசு கட்டி வாங்க முடியாது. உயர்தரத்தில் உயிரியல் படித்து இசட் புள்ளி போதாமல் போன பிள்ளை, தோற்றுவிட்டோம் என்ற நினைப்போடு வந்து இருந்தவள், அதைச் சொன்னதில் எனக்கு மெத்தச் சந்தோஷம்.

தடங்கல் ஆங்கிலத்தில்தான். அதே பக்கத்தில் "டினைஸ் செஸ்ட் பெயின்" என்று ஒரு வரி இருந்தது. ஏதோ வைத்தியத்தை வேண்டாம் என்கிறாராக்கும் என்று நினைத்துவிட்டாள். நெஞ்சு நோ இல்லை என்று நோயாளி சொல்கிறார், அவ்வளவுதான். இப்படியான வரிகளை நாள் முழுக்க வாசிப்பதுதான் இந்த வேலை.

இனி விளம்பரத்துக்கு வருவோம். அதில் போட்டிருக்கிற சிபிசி, கோடர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ்ச் சோதனை. 100 கேள்வி, 4 மணித்தியாலம், 70 வீதம் எடுக்க வேண்டும். அது முக்கியமாக வைத்தியரின் கட்டணத்துக்கான கோடிங். நான் காட்டியது போல வார்ட்டில் மறித்த நோயாளிகளின் பதிவுக்கு சிஐசி, சிசிஎஸ் என்று வேறு சோதனைகள் இருக்கின்றன. அனுபவம் இல்லாமல் சித்தியடைந்தால் சிபிசி-ஏ என்றுதான் தருவார்கள், பயிலுநர் என்று அர்த்தம். சோதனைக் கட்டணம் டொலரில். இலக்கங்கள் ஒவ்வொரு ஒக்டோபர் 1ஆம் திகதியும் மாறுவதால் புத்தகமும் புதிதாக வாங்க வேண்டும். இதெல்லாம் அந்தக் கோர்ஸ் கட்டணத்துக்குள் அடங்குமா என்று கேளுங்கள்.

"வேலை உத்தரவாதம்" என்பதை எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கம்பனி, எந்த ஊர், எத்தனை மாதத்துக்குள், கிடைக்காவிட்டால் காசு திரும்புமா. இந்த வேலை சென்னை, கோயம்புத்தூர் பக்கம் நிறைய இருக்கிறது. இங்கே குறைவு, அதுவும் பெரும்பாலும் கொழும்பில். புதிதாகச் சேர்பவருக்கு வீட்டிலிருந்து வேலை கொடுப்பது அரிது. லேசான பக்கங்களை இப்போது மென்பொருளே வாசித்துவிடுகிறது. நான் கொடுத்தது போன்ற சிக்கலான பக்கத்தை வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் இனி இடம் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே இப்போதைக்குக் காசு கட்ட வேண்டாம். அமெரிக்க அரசு ஐசிடி-10-சிஎம் இலக்கங்களையும் விதிகளையும் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. ஆறு மாதம் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் அதை வாசிக்கட்டும், தெரியாத சொல்லை ஒரு கொப்பியில் எழுதட்டும். தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானி வந்தால் அதற்கும் விண்ணப்பம் போடட்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வருகிற புதன்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு காலமையே வாருங்கள். இன்னும் இரண்டு பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் சத்திரசிகிச்சை முடிந்து வழமைபோல ஒரு இரவு வென்டிலேற்றரில் வைத்த ஆள். செயலிழப்பு என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று பார்ப்போம். காப்பு கையிலேயே இருக்கட்டும்.