வாசகர் கேள்விகள்: வாக்குரிமையும் மாநில அரசியலமைப்பும்

கேள்வி: அமெரிக்காவில் வாக்குரிமைக்குக் கூட்டாட்சிச் சட்டங்கள் இருக்கும்போது, மாநில அரசியலமைப்பை ஏன் திருத்த வேண்டும்?

பதில்: கூட்டாட்சி அரசியலமைப்பில் "குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு" என்று நேரடியாகச் சொல்லும் வரியே கிடையாது. இனத்தைக் காட்டி மறுக்காதே என்கிறது 15ஆவது திருத்தம் (1870). பாலினத்தைக் காட்டி மறுக்காதே என்கிறது 19ஆவது (1920). எந்தக் காரணம் சொல்லி மறுக்கக் கூடாது என்பதோடு இவை நின்றுவிடுகின்றன. எப்போது, எப்படி வாக்களிப்பது என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களே தீர்மானிக்கின்றன. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம், பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதியைப் பெற வேண்டும் என்றது. 2013இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அந்த ஏற்பாட்டைச் செயலிழக்க வைத்தது. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை அடுத்த சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் நீக்கிவிடலாம். அரசியலமைப்பில் ஏறிய வரியை அவ்வளவு சுலபமாக அழிக்க முடியாது.

கேள்வி: குடிமக்களே திருத்தம் கொண்டுவர முடியுமா? அதன் படிகள் என்ன?

பதில்: எல்லா மாநிலங்களிலும் முடியாது. முடிகிற இடங்களில் மிச்சிகன் நல்ல எடுத்துக்காட்டு. கடைசி ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 10 சதவீத அளவுக்குப் பதிவுபெற்ற வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். 2022இல் அந்த எண்ணிக்கை 4,25,059. தேர்தலுக்கு 120 நாள் முன்னதாகவே மனு மாநிலத் தேர்தல் அதிகாரிகளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பிறகு பொது வாக்கெடுப்பில் சாதாரணப் பெரும்பான்மை போதும். தகுதியற்ற கையெழுத்துகள் கழிக்கப்படும் என்பதால், தேவைக்கு மேல் கணிசமாகத் திரட்டியே தீர வேண்டும்.

கையெழுத்துகள் சரியாக இருந்தும் சறுக்கலாம். இப்போதைய அரசியலமைப்பின் எந்தப் பிரிவுகளைத் திருத்தம் மாற்றுகிறது, எவற்றைச் செயலற்றதாக்குகிறது என்பதை மனுவில் குறிப்பிட வேண்டும். 2022இல் மிச்சிகனில் வாக்குரிமைத் திருத்தத்துக்கான மனுவில் இந்தப் பட்டியல் முழுமையாக இல்லை என்று ஆட்சேபம் எழுந்தது. இரு கட்சிகளுக்கும் இரண்டிரண்டு பேர் உள்ள மாநிலச் சரிபார்ப்புக் குழு 2-2 எனப் பிளவுபட்டது. மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பின்புதான் திருத்தம் வாக்குச்சீட்டில் ஏறியது. வாசகத்தை எழுதும்போதே அரசியலமைப்பு வழக்கறிஞரை அருகில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: திருத்தம் வென்ற பிறகும் உரிமை கைக்கு வராமல் போகுமா?

பதில்: போகும். ஃபுளோரிடாவில் அதுதான் நடந்தது. அங்கே திருத்தம் வெல்ல 60 சதவீத வாக்கு தேவை; 2018இல் 4ஆவது திருத்தம் ஏறத்தாழ 64.5 சதவீதம் பெற்றது. கொலை, பாலியல் குற்றங்கள் தவிர மற்ற பெருங்குற்றங்களுக்குத் தண்டனையின் "எல்லா நிபந்தனைகளையும்" முடித்தவர்களுக்கு வாக்குரிமை திரும்பும் என்றது அது. "எல்லா நிபந்தனைகளும்" என்ற சொற்களுக்குள் அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் அடங்குமா என்பதை வாசகம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அடங்கும் என்று 2019இல் சட்டமன்றம் சட்டம் போட்டது. 2020இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரே இடத்தில் பார்க்கும் பதிவேடும் இல்லை. தண்டனையை முடித்து வந்த ஒருவர், தான் வாக்களிக்கலாமா கூடாதா என்பதே தெரியாமல் நிற்பது பெரிய அநீதி.

மிச்சிகனின் வாசகம் இந்த இடைவெளியை விடவில்லை. வாக்காளர் உரிமைகள் சட்டமன்றத்தை எதிர்பார்க்காமல் தாமாகவே நடைமுறைக்கு வரும், வாக்காளர் உரிமைக்குச் சாதகமாகவே இவற்றுக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2018இல் வென்ற முந்தைய திருத்தத்திலேயே எழுதிவிட்டார்கள். 2022 திருத்தத்தில் அளவுகளையும் சேர்த்தார்கள்: முன்கூட்டி வாக்களிக்கக் குறைந்தது 9 நாள், நாளொன்றுக்குக் குறைந்தது 8 மணி நேரம், தபால் வாக்குக்கான அஞ்சல் செலவு மாநிலத்துடையது. "போதிய நாட்கள்" என்று எழுதியிருந்தால், எது போதும் என்பதைச் சட்டமன்றமே முடிவு செய்திருக்கும்.

கேள்வி: நியூயார்க்கில் 2021இல் வாக்குரிமைத் திருத்தம் ஏன் தோற்றது?

பதில்: அங்கே மக்கள் கையெழுத்துத் திரட்டித் திருத்தம் கொண்டுவர வழியில்லை. அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு சட்டமன்றங்கள் நிறைவேற்றிய பிறகே மக்களிடம் வரும். காரணம் சொல்லாமல் தபால் வாக்கு, தேர்தல் நாளிலும் வாக்காளர் பதிவு என்ற இரண்டு யோசனைகளும் அப்படி வந்தவையே. எதிர்ப்பாளர்கள் முனைந்து பிரசாரம் செய்தார்கள். ஆதரவாளர்களின் குரல் ஓங்கவில்லை. இரண்டுமே தோற்றன. மீண்டும் கொண்டுவர, முதல் சட்டமன்றத்திலிருந்தே தொடங்க வேண்டும்.