ரிங் குரூப் கால் வாய்ஸ்மெயிலுக்கு போகலையா

வெளி கால் யாரும் எடுக்கலைன்னா வாய்ஸ்மெயிலுக்குப் போகாம கட்டாகுதுன்னு கேட்டிருந்தீங்க. அதை எக்ஸ்டென்ஷன்ல (ஒவ்வொரு போனோட உள் நம்பர்) இல்லைங்க, ரிங் குரூப்ல (ஒரு கால் வந்தா பல போனை அடிக்க வைக்கற அமைப்பு) மாத்தணும். ஃப்ரீபிபிஎக்ஸ்ல (ஆபீஸ் போன் சிஸ்டத்தை நடத்தற சாஃப்ட்வேர்) குரூப்பைத் திறந்தா கீழ 'டெஸ்டினேஷன் இஃப் நோ ஆன்சர்'னு இருக்கும், அதுல வாய்ஸ்மெயிலைக் குடுத்து சப்மிட் பண்ணிட்டு மேல சிவப்பா வர்ற 'அப்ளை கான்ஃபிக்'கையும் அமுக்குங்க, பாதி பேர் இதைத்தான் விட்டுடறாங்க.

101ங்கற எக்ஸ்டென்ஷனுக்கு நேரா அடிச்சா மெசேஜ் பதிவாகுது, வெளி கால்னா மூணு போனும் அடிச்சு கட்டாகுதுன்னீங்களே, அதான் விஷயம். குரூப்ல வர்ற கால் தனி ஆளோட வாய்ஸ்மெயிலுக்குப் போகாது, போனா ஒருத்தரோட வாய்ஸ்மெயில் காலை எடுத்துட்டு மத்த போன் அடிக்காமயே போயிடும்ல.

சரியாச்சான்னு பாக்க, மொபைல்லேர்ந்து ஆபீஸ் நம்பருக்கு அடிச்சு மெசேஜ் விட்டுட்டு, டேபிள் போன்ல *97 (வாய்ஸ்மெயில் கேக்கற நம்பர்) போட்டுப் பாருங்க.

ஆனா குரூப்ல ஓனர் மொபைலும் இருந்து, அவர் போச்சம்பள்ளி மாந்தோப்புல சிக்னல் இல்லாம இருந்தா ஆபரேட்டர் அறிவிப்பே காலை எடுத்துடலாம், அப்போ 'கன்ஃபர்ம் கால்ஸ்' (எடுக்கறவர் பட்டன் அமுக்கி உறுதி செஞ்சாதான் கால் சேரும்) ஆன் பண்ணுங்க.