7 கிலோவில் பைக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் கணவரும் தை மாதத்தில் திருச்சி, சிதம்பரம், மதுரைக் கோயில்களுக்குப் பத்து நாள் பயணமாகச் செல்லவிருக்கிறோம். திருகோணமலையிலிருந்து இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போய், கட்டுநாயக்கவில் விமானம் ஏறுவதாக ஏற்பாடு. பொதி எதையும் ஒப்படைக்காமல், ஆளுக்கொரு கைப்பையோடு போய்வர விரும்புகிறோம். மத்திய வீதிக் கடையொன்றில் நான்கு சில்லு வைத்த கடினமான பெட்டியைக் காட்டி, இதைவிடப் பாரம் குறைந்தது கிடையாது என்கிறார்கள். எனக்கு வயது 60ஐத் தாண்டிவிட்டது. அதை வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

பதில்: விலை பேசுவதற்கு முன், அந்தப் பெட்டியை வெறுமையாகத் தராசில் வைத்து நிறுக்கச் சொல்லுங்கள். இண்டிகோ உட்பட இந்தப் பகுதியில் பறக்கும் பல விமான நிறுவனங்கள் சாதாரண வகுப்புப் பயணிக்குக் கைப்பொதியாக 7 கிலோவையே அனுமதிக்கின்றன. பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பதும் வழக்கமான விதி. 55, 35, 25 என்ற அளவுகளைக் கடைகளில் அடிக்கடி காண்பது இதனால்தான். பலர் கவனிக்கத் தவறுவது, அந்த 7 கிலோவுக்குள் பையின் எடையும் அடங்கும் என்பதை. சில்லும் இழுவைக் கைபிடியும் கொண்ட கடினப் பெட்டி வெறுமையாகவே இரண்டரை முதல் மூன்று கிலோ வரை வருவது சாதாரணம். அப்படியானால் உங்கள் உடுப்புக்கும் மருந்துக்கும் எஞ்சுவது ஏறக்குறைய 4 கிலோ. அதே கொள்ளளவுள்ள நைலோன் முதுகுப்பை ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒரு கனமான பட்டுச் சீலையே அரைக் கிலோவுக்குக் குறையாது என்பதை வைத்துப் பார்த்தால், இந்த வித்தியாசத்தில் எத்தனை சீலை அடங்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம். அளவு நாடாவைப் பிடிக்கும்போது சில்லையும் வெளியே துருத்தும் கைபிடியையும் சேர்த்தே அளக்க வேண்டும். விற்பனைச் சீட்டில் உள் அளவை மட்டும் அச்சிட்டுவிடும் கடைகளும் உண்டு.

எடை ஒரு புறமிருக்க, நீங்கள் போகும் வழியையும் பாருங்கள். நான்கு சில்லுப் பெட்டி விமான நிலையத்தின் பளிங்குத் தரைக்காகச் செய்யப்பட்டது. உங்கள் பயணமோ புகையிரதப் பெட்டியின் உயரமான படியில் தொடங்கி, கொழும்புக் கோட்டை நிலையத்தின் மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கி, விமான நிலையத்துக்குப் போகும் 187ஆம் இலக்கப் பஸ்ஸின் ஒடுங்கிய வாசலுக்குள் நுழைய வேண்டியது. இவ்விடங்களில் எந்தப் பெட்டியையும் தூக்கத்தான் வேண்டும், உருட்ட முடியாது. ஓடும் புகையிரதத்தில் நான்கு சில்லுப் பெட்டியைக் காலால் அணைத்துப் பிடிக்காவிட்டால், வளைவுக்கு வளைவு அது தன்பாட்டில் ஊர்ந்து அடுத்த இருக்கைக்காரரின் காலடிக்குப் போய்விடும் என்ற சங்கடமும் இருக்கிறது.

ஆகவே முதுகோ தோளோ தொந்தரவு தராதவராயின், 35 முதல் 40 லீற்றர் வரை கொள்ளும் மென்மையான முதுகுப்பையே என் தெரிவு. அது பெட்டியைப் போல முழுதாகத் திறக்கும் வகையாக இருக்கட்டும். மேல்வாயால் மட்டும் திறக்கும் பையில் அடியிலுள்ள துவாயை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியிருக்கும். தோள்பட்டி பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பார்த்தால், அங்கே நூல் நெருக்கமாகக் குறுக்கும் மறுக்கும் ஓடியிருக்க வேண்டும். ஒற்றை வரித் தையலாயின் முதலில் விட்டுப்போவது அந்த இடமே. சிப்பை மூலை வளைவில் ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். வெறும் பையிலேயே அங்கே சிக்கினால், நிரப்பிய பின் பல் கழன்றுவிடும். மார்புக்குக் குறுக்கே பூட்டும் சிறு பட்டி இருப்பின், பட்டிகள் தோளிலிருந்து வழுகாது.

முதுகுவலி இருப்பவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் இரண்டு சில்லு மட்டும் உள்ள, துணியாலான சிறு பெட்டியைப் பார்க்கலாம். பாதி உள்ளே பதிந்த பெரிய சில்லுகள் கரடுமுரடான தெருவையும் தாங்கும். நிமிர்த்தி வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். எடை ஏறத்தாழ 2 கிலோவுக்குள் இருக்கட்டும்.

நல்லெண்ணெய், ஊறுகாய், நெய் போன்றவை கைப்பொதியில் திரவமாகவே கணிக்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாமல் இருப்பதோடு, எல்லாம் ஒரு லீற்றர் கொள்ளும் ஒளி ஊடுருவும் பையொன்றுக்குள் அடங்க வேண்டும். பாதி காலியான 200 மில்லிலீற்றர் போத்தலும் செல்லாது, ஏனெனில் பார்க்கப்படுவது போத்தலின் கொள்ளளவு.

கேள்வி: பெரிய பைக்குள் மடித்து வைத்து, போன இடத்தில் விரித்துப் பயன்படுத்தும் சிறு பை ஒன்று வேண்டும். இணையக் கடைகளில் 70 டெனியர், 210 டெனியர் என்று போடுகிறார்கள். எது நல்லது? நிலாவெளியில் படகேறுவதற்கும் அதையே பயன்படுத்த நினைக்கிறேன்.
– பல்கலைக்கழக மாணவர், கிண்ணியா

பதில்: தம்பி, 9,000 மீற்றர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். எண் கூடக் கூட நூல் தடிக்கும், பாரமும் ஏறும். 20 லீற்றர் கொள்ளும் மடிப்புப் பையை 70 டெனியரில் தைத்தால் கைப்பிடிக்குள் அடங்கும். தண்ணீர்ப் போத்தல், குடை, சால்வை என்று சுமக்க அது போதும். தினமும் புத்தகமும் மடிக்கணினியும் சுமப்பதாயின் 210க்கு மேல் பாருங்கள். மெல்லிய துணியாயின், சிறு கட்டங்களாகத் தடித்த நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் ரிப்ஸ்டொப் நெசவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முள்ளில் கீறினாலும் கிழிசல் அடுத்த கட்டத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

இவ்வகைப் பைகளின் உட்புறத்தில் நீர் புகாதிருக்கப் பொலியூரித்தேன் பூச்சு இருக்கும். நம்மூர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் அலுமாரிக்குள் மடித்தே கிடந்தால், சில ஆண்டுகளில் அது பிசுபிசுத்துத் தோல் தோலாக உரியத் தொடங்கும். ஆகையால் வீடு திரும்பியதும் மடிக்காமல், காற்றோட்டமான இடத்தில் கொளுவி வையுங்கள். சிப்பின் பற்கள் உலோகமாக இருந்தால் கடற்கரையில் வாழும் நமக்கு அது தொல்லையே. உப்பு பட்டுப் பச்சை பூத்து இறுகிவிடும். நைலோன் சுருள் சிப்பே நல்லது. அதிலும் இழுப்பான் உலோகமாகவே இருக்குமாதலால், கடலுக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பின் மெழுகுதிரித் துண்டால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

புறாத்தீவுக்குப் படகில் போகும்போது மட்டும் எந்த முதுகுப்பையையும் நம்ப வேண்டாம். இறங்கும்போது முழங்காலளவு தண்ணீரில் கால் வைக்க நேரலாம், அலையும் தெறிக்கும். வாயைச் சுருட்டிப் பூட்டும் நீர்புகாப் பையொன்றில் கைத்தொலைபேசியையும் பணத்தையும் போட்டு, அதைச் சிறு பைக்குள் வையுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவோருக்கும் ஈர உடுப்பைத் தனியே வைக்க அதே பை உதவும்.

உணவுப் பொதியைத் திறந்த பையில் வைத்துக்கொண்டு திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளோ பஸ் நிலையப் பக்கமோ நிற்பவர்களுக்கு வேறோர் எச்சரிக்கையும் உண்டு. நம் மான்கள் பழகிப்போனவை. மூக்கை நுழைத்துப் பார்த்த பிறகே அனுமதி கேட்கும்.

கேள்வி: கோயில் யாத்திரையில் சிறு பையைத் தோளில் மாட்டுவதா, குறுக்கே அணிவதா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: குறுக்கே, முன்புறமாக. கூட்டத்தில் முதுகுப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கைத்தொலைபேசி கொண்டுசெல்ல முடியாது. அதை வெளியே ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டியிருப்பதால், அந்தச் சீட்டுக்கும் கடவுச்சீட்டுக்கும் உள்ளே சிப் வைத்த தனி அறை இருக்கும் பையாகப் பாருங்கள்.

கேள்வி: 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பாங்கை விமானத்தில் கொண்டுபோகலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: கொண்டுபோகலாம், ஆனால் கைப்பையில் மட்டும். பொதுவான வரம்பு 100 வாட் மணி, உங்களுடையது 3.7 வோல்ற் கணக்கில் 74 வாட் மணியே வரும். கொள்ளளவு எண்கள் அழிந்துபோன பழைய பவர் பாங்கைச் சோதனையில் மறிக்கக்கூடும். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஏ.ரி.ஆர். 72 போன்ற சிறு விமானங்களில் தலைக்கு மேலுள்ள தட்டு ஒடுக்கமானதால், சற்றுப் பருத்த பையை வாசலிலேயே வாங்கிக் கீழே ஏற்றிவிடுவதுண்டு. அப்படிக் கேட்டால், பையைக் கொடுப்பதற்கு முன் பவர் பாங்கையும் மருந்துக் குளிசைகளையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.