கம்ப்யூட்டர் அடிக்கடி தானாக ஆஃப் ஆகிறது, ஃபார்மேட் செய்தும் சரியாகவில்லை. என்ன காரணமாக இருக்கும்?

ஏற்கெனவே ஃபார்மேட் அடித்துவிட்டீர்கள் என்பதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விண்டோஸ் கோளாறில் வரும் நீல ஸ்கிரீன்கூட வராமல், ஸ்விட்சைத் தட்டி அணைத்த மாதிரி பட்டென்று அணைகிறது என்றால் விண்டோஸ் மேல் பழி போடாதீர்கள். அநேகமாகக் கரண்ட் வரும் வழியில் கோளாறு, இல்லையென்றால் சூடு. நீங்கள் டெஸ்க்டாப்பும் யுபிஎஸ்ஸும் வைத்திருப்பவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் காரைக்குடிப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் செய்வேன். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் சொந்தக்காரர்கள் பெயர் மட்டுமே ஒரு பக்கத்துக்கு வரும், வரிசை மாறினால் மண்டபத்திலேயே சண்டை வந்துவிடும். அப்படி ஒரு ஆவணி முகூர்த்த சீசனில்தான் என் சிஸ்டம் அணைய ஆரம்பித்தது. காலையிலிருந்து டைப் செய்துகொண்டே இருப்பேன், ஒன்றும் ஆகாது. ப்ரூஃப் பார்க்க ஆள் வந்து நிற்கும்போது பிரிண்ட் கொடுத்தால் போய்விடும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், லைட் எரியும், கம்ப்யூட்டர் மட்டும் கறுப்பு.

சர்வீஸுக்கு வந்தவர் வைரஸ் என்றார், ஃபார்மேட் அடித்தார். மறுநாளே அணைந்தது. அடுத்து மெமரி அட்டையான ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார். பிறகு மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிவிடுங்கள் என்று விலை சொன்னார். "அண்ணே, பிரிண்ட் கொடுக்கும்போதுதான் ஆஃப் ஆகுது" என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். அந்த மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள் நான். கேட்டது நான், பதில் மட்டும் சாருக்கு. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

அப்புறம் நானே கவனித்தேன். பிரிண்ட் கொடுத்ததும் டியூப் லைட் ஒரு நொடி மங்குகிறது. அதே நேரம் மேஜைக்குக் கீழே யுபிஎஸ்ஸில் 'டக்' என்று ஒரு சத்தம். உடனே சிஸ்டம் அவுட். லேசர் பிரிண்டருக்குள் மையைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அது சூடாகும்போது மின்சாரத்தை நிறைய இழுக்கும். கடை வயரிங் பழசு, சாயங்காலம் வோல்டேஜும் குறைவு, அதனால் ஒரு நொடி இறங்குகிறது. யுபிஎஸ் அதைக் கரண்ட் கட் என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறுகிறது. பேட்டரி செத்துப்போயிருந்தால்? கம்ப்யூட்டரும் போகும். முன்னால் பச்சை விளக்கு எப்போதும் போல எரிந்துகொண்டுதான் இருந்தது. நிறைய சாதாரண யுபிஎஸ்களில் அந்த விளக்கு மெயின் கரண்ட் வருகிறது என்பதைத்தான் சொல்லும், பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்லாது.

சோதிப்பது சுலபம். எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, சிஸ்டம் ஓடும்போதே யுபிஎஸ் பிளக்குக்கான சுவர் ஸ்விட்சை அணையுங்கள். ஐந்து நிமிடமாவது தாங்க வேண்டும். எனக்கு ஸ்விட்சிலிருந்து கையை எடுப்பதற்குள் போய்விட்டது. பக்கத்துக் கடை எலெக்ட்ரீஷியன் அண்ணன் யுபிஎஸ்ஸைத் திறந்தார். உள்ளே இருந்த 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி உப்பி, தட்டோடு இறுகிக்கொண்டு வெளியே வரவே இல்லை. மீட்டரில் சும்மா வைத்துப் பார்த்தால் 12க்கு மேல்தான் காட்டியது. டூவீலர் ஹெட்லைட் பல்பை அதில் கொடுத்ததும் 9க்குக் கீழே இறங்கியது. அதனால் வெறும் மீட்டரை வைத்துவிட்டு "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த பேட்டரிகள் இரண்டு மூன்று வருடம் உழைத்தாலே பெரிது, நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்னால் போகலாம். மாற்ற ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். புது மதர்போர்டுக்கு எனக்குச் சொன்ன விலையை இங்கே எழுதவே மனசில்லை.

பிரிண்டரை நான் யுபிஎஸ்ஸில் சொருகவில்லை, தனிப் பிளக்தான். சொருகியிருக்கிறவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 600 விஏ யுபிஎஸ் தாங்குவது பெரும்பாலும் 360 வாட்தான். லேசர் பிரிண்டர் சூடாகும் நேரத்துக்கு அது பத்தாது.

ஃபார்மேட் அடித்ததில் எனக்குப் போனது இன்னொன்று. 'டி டிரைவ் அப்படியே இருக்கும்' என்றார், இருந்தது. ஆனால் வருடக்கணக்காகச் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள் சி டிரைவில் இருந்தன, மொத்தமும் போச்சு. எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோட் தமிழ் இருக்கும்போது அது எதற்கு என்று கேட்பீர்கள். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் எங்கள் பக்கம் அச்சகங்களில் இன்னும் பக்கம் அமைக்கும் பழைய புரோகிராமான பேஜ்மேக்கர் ஓடுகிறது. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, யூனிகோட் தமிழ் அதில் ஏறாது. "பாமினியில் குடுங்க, வானவில்லில் குடுங்க" என்று பழைய எழுத்துருக்களின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புவார், நான் மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றும்போது எங்கேயாவது ஒரு எழுத்து உடைந்தால் அதற்கும் திட்டு எனக்கு. இந்த வேலைக்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை. எழுதினால் நிற்காது, விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லாருக்கும் யுபிஎஸ் பேட்டரிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சர்வீஸ் இன்ஜினியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பொறுமையாகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். வரிசையாகச் சந்தேகப்படுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய், அணைந்த நேரத்தைப் பாருங்கள். ஈவென்ட் ஐடி 1074 என்றிருந்தால் ஏதோ ஒரு புரோகிராமோ அப்டேட்டோ யாரோ ஒருவரோ முறையாக அணைத்திருக்கிறார்கள். கெர்னல்-பவர் 41 என்றிருந்தால் முறையாக அணையாமல் நின்றிருக்கிறது. ஆனால் காரணம் என்ன என்பதை 41 சொல்லாது. அதில் டீடெய்ல்ஸில் பக்செக்கோட் பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் கரண்ட் அறுந்த கேஸ். வேறு எண் இருந்தால் நீல ஸ்கிரீன் வந்திருக்கிறது, உங்கள் கண்ணில் படுவதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. அப்போது டிரைவர், ராம் பக்கம் தேடலாம்.

அடுத்து, ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் பயோஸ் செட்டிங்குக்குள் போய் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். அங்கேயே அணைந்தால் விண்டோஸுக்குச் சம்பந்தமே இல்லை, எத்தனை முறை ஃபார்மேட் அடித்தாலும் பிரயோஜனமில்லை. அணையாவிட்டால் விண்டோஸ்தான் குற்றவாளி என்றும் முடிவு கட்டாதீர்கள், பயோஸில் லோடு குறைவு. பயோஸிலேயே பிராசஸர் வெப்பநிலையும் தெரியும். சும்மா நிற்கும்போதே 80, 90 டிகிரி காட்டினால் ஃபேனில் தூசி அடைத்திருக்கும், பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கூலரின் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கழன்றிருக்கும். நிறைய பிராசஸர்கள் 100 டிகிரி பக்கம் வந்ததும் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

சூடா கரண்டா என்று பிரித்துப் பார்க்க இன்னொரு அடையாளமும் உண்டு. அணைந்ததும் உடனே ஆன் செய்யுங்கள். முன்னைவிடச் சீக்கிரமாக மறுபடி அணைந்தால் சூடு. ஆன் ஆகி மணிக்கணக்காக ஓடினால் கரண்ட் பக்கம்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால் பின்னால் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். நார்மலில் இருந்தால் கரண்ட் போய் மாறும் நேரம் அதிகம், ஃபேன் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. கேபினெட்டின் பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொள்வதும் உண்டு. நாலு விநாடி அமுங்கியே இருந்தால் சிஸ்டம் அணைந்துவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. தெரிந்தவர்களிடம் ஒன்றைக் கடன் வாங்கி இரண்டு நாள் மாட்டி ஓட்டிப் பாருங்கள். பழசைத் திறந்து பார்க்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். அணையும் நேரத்தில் வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும், மோட்டார், மிக்ஸி, ஏசி எதுவானாலும், ஒரு பேப்பரில் குறித்து வைத்து இங்கே கமென்ட்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.